உரப் பைக்குள் இரட்டைப் பெடல்

டபுள் பேஸ், அதாவது பேஸ் டிரம்மை இரண்டு காலாலும் அடிப்பது, மெட்டல் இசைக்காரர்கள் கண்டுபிடித்த வித்தை என்று உங்களில் ஒருவர் போன மாதம் என்னிடம் அடித்துச் சொன்னார். நான் சண்டைக்குப் போகவில்லை. எனக்கு இப்போது படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, சண்டை எங்கே போடுவது. ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகு மனம் கேட்கவில்லை. அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் தெரிந்திருந்ததால் ஒருவன் சிறைக்குப் போகாமல் வீடு திரும்பினான். அதை எழுதிவைத்துவிட்டால் என் பாரம் கொஞ்சம் குறையும். டிரம்ஸ் வாசிக்க வந்திருக்கிற நீங்கள் படித்தால் படியுங்கள், இல்லையென்றால் பரவாயில்லை.

நான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்துப் பிழைத்தவன். சனிக்கிழமைகளில் தோட்டத் துரைமாரின் கிளப், ஏப்ரல் சீசனில் நடன விருந்து, நடுநடுவே கலியாணம், மாதா கோயில் திருவிழா. கலை, தவம் என்றெல்லாம் நினைத்து வாசித்தவன் இல்லை. சம்பளத்துக்கு வாசித்தேன். குளிரில் விரல் விறைத்துப்போன நாட்களில் அந்தச் சம்பளமும் வேண்டாம் என்று தோன்றியிருக்கிறது.

எங்கள் குழுவின் தலைவர் சாக்ஸபோன்காரர். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, அதனால் தலைவர் என்றே சொல்கிறேன். சிங்களமும் இங்கிலீசும் கலந்து பேசுவார். பழைய அமெரிக்க ஜாஸ் என்றால் உயிர். கிளப்பில் வாசித்த முதல் சனிக்கிழமையே என்மேல் எரிந்து விழுந்தார். அந்தக் கிளப்புகளின் தரை பலகைத் தரை. மெழுகு தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். காலால் அடிக்கிற பெரிய டிரம், பேஸ் டிரம், அதில் ஓங்கி மிதித்தால் டிரம் வழுக்கிக்கொண்டு ஆடுகிறவர்களுக்கு நடுவே போய்விடும். சத்தம் பலகை வழியாக ஓடி, மூலையில் சீட்டாடுகிற துரையின் கிளாஸை அதிரவைக்கும். துரை திரும்பிப் பார்ப்பார். அதோடு அடுத்த சனிக்கிழமை வேறு குழுவுக்குப் போய்விடும்.

"காலைத் தூக்காதே" என்றார் தலைவர். "குதிகாலைப் பெடலிலேயே ஊன்றிக்கொள். கணுக்கால் மட்டும் அசையட்டும். ஆடுகிறவனுடைய காலுக்குத் தெரிய வேண்டும், காதுக்குத் தெரியக் கூடாது. ஜாஸ் வாசிக்கத் தொடங்கிய ஆட்கள் இப்படித்தான் வாசித்தார்கள்."

அப்படியே பழகிக்கொண்டேன். பல வருடங்கள் அந்தப் பலகைத் தரைகளில் யாருக்கும் கேட்காமல் மிதித்திருக்கிறேன். வாசிப்பு நன்றாக இருந்தால் என்னை யாரும் கவனிக்கவில்லை என்று பொருள். அப்படி ஒரு வேலை அது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஹட்டனில் ஒரு கலியாண வீட்டில் வாசித்துக்கொண்டிருந்தேன். ஓர் இளைஞன் சாப்பாட்டுப் பந்திக்குப் போகாமல் மேடை ஓரமாகக் குந்தி என் வலது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் மோகன். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில், தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், மெக்கானிக் வேலை. கூட்டாளிகளோடு சேர்ந்து மெட்டல் குழு ஒன்று வைத்திருந்தான். இடைவேளையில் நேரே வந்தான்.

"அண்ணே, ஒங்க காலு அசைஞ்சுகிட்டே இருக்கு. சத்தமே வரல. எப்புடீங்க?"

"சத்தம் வராம இருக்கத்தான் தம்பி எனக்குச் சம்பளம்."

"எனக்குப் பாதிப் பாட்டுலயே தொடை வுட்டுப்போயிருதுண்ணே. அதுக்கப்புறம் தூக்கவே முடியல."

ஒரு கசெட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனான். வீட்டில் போட்டுக் கேட்டேன். முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டேன். தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்வது எங்கள் ஊரில் சும்மாவே கேட்கலாம், அதற்குக் கசெட் எதற்கு என்று அடுத்த முறை அவனைக் கேலி செய்தேன். அவன் கோபிக்கவில்லை. "இன்னொருக்கா கேளுங்கண்ணே, காலை மட்டும் கேளுங்க" என்றான்.

காலை மட்டும் கேட்டேன். அந்த வேகத்தை எந்தத் தொடையாலும் வாசிக்க முடியாது. அது கணுக்கால் வேலை. பெடலின் சுத்தியல் டிரம் தோலை விட்டு அதிகம் விலகாமல், சின்னச் சின்ன அடியாக, இரண்டு காலும் மாறி மாறி. எங்கள் தலைவர் பலகைத் தரைக்காக என்னிடம் போட்ட சட்டம் அப்படியே அதற்குள் இருந்தது. நாங்கள் சத்தம் கேட்காமலிருக்கச் செய்ததை அவர்கள் வேகத்துக்காகச் செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

மோகனிடம் ஒரு வலது பெடல்தான் இருந்தது. இரட்டைப் பெடலைப் படத்தில் பார்த்திருந்தான். விலை கேட்கிற எண்ணமே அவனுக்கு வரவில்லை, நேரே ஸ்டோர் பட்டறைக்குப் போய்விட்டான். பழைய பேரிங், சைக்கிள் செயின், ஸ்பிரிங், இரண்டு முனையிலும் மூட்டு வைத்த ஓர் இரும்புக் கம்பி. இடது கால் மிதித்தால் கம்பி திரும்பி, வலது பக்கத்தில் இருக்கிற இரண்டாவது சுத்தியல் அதே டிரம்மில் அடிக்கும். சுத்தியல் தலைகளில் கம்பளித் துண்டு சுற்றியிருந்தான். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் மழைக்குப் போர்த்துகிற கம்பளியில் வெட்டிய துண்டு. அசிங்கமாக இருந்தது, அருமையாக வேலை செய்தது.

அந்த ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் ஒரு மண்டபத்தில் அவர்களுக்கு வாசிக்க இடம் கிடைத்தது. முதல் தடவையாகத் தங்கள் பாட்டுகளையே வாசிக்கப் போகிறார்கள். அதற்கு முன் என்னுடைய நல்ல டிரம்மில் பெடலை வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு காலையில் பஸ் ஏறினான். பெடலை உரப் பையில் சுற்றியிருந்தான்.

உங்களுக்கு இது புரியாது, நீங்கள் தோளில் மாட்டுகிற பையோடு வருகிறவர்கள். தோட்டத்தில் அன்று எல்லாமே உரப் பைதான். அரிசி, விறகு, பாய், பிள்ளையின் பள்ளிக்கூட உடுப்பு, மழை வந்தால் தலைக்கு மேலேயும் அதுதான். அதில் எதையாவது எடுத்துப்போவது தப்பு என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. ஆனால் அது யுத்த காலம். கொழும்பில் ஏதாவது நடந்தால் இங்கே மலையில் பஸ்ஸை நிறுத்தி இறக்குவார்கள். உரம் வெடிமருந்துக்கு ஆகும் என்பது சோதனை போடுகிறவனுக்குத் தெரியும். அந்தப் பைக்குள் கம்பி, ஸ்பிரிங், செயின், இரண்டு சுத்தியல் தலை. வைத்திருப்பவன் தமிழ்ப் பையன், மெக்கானிக்.

பஸ் கண்டக்டர் எனக்குத் தெரிந்தவர். ஹோட்டல் பின்வாசலுக்கே வந்து சொன்னார்.

"அண்ணே, மோகன எறக்கிட்டாங்க. ஒங்க பேரத்தான் சொன்னான். டிரம்ஸ் சாமான்னு சொல்லிச் சொல்லிப் பாத்தான். ஒருத்தனும் நம்பல. பின்னேரம் ஜீப் வருமாம், பெரிய எடத்துக்குக் கொண்டு போவாங்களாம்."

பெரிய இடத்துக்குப் போனவர்கள் திரும்பி வர மாதமும் ஆகும், வருடமும் ஆகும். சிலருக்கு வழக்கே வராது. ஹோட்டலில் ஆளுக்கொன்று சொன்னார்கள். யூனியன் ஆளைப் பிடியுங்கள் என்றார் ஒருவர். வக்கீல் என்றார் இன்னொருவர். பேசாமல் இருங்கள், உங்களையும் உள்ளே போட்டுவிடுவார்கள் என்றார் சமையல்காரர். அவர் சொன்னதுதான் எனக்கும் சரியாகப் பட்டது. ஆனால் அவன் என் பெயரைத்தான் சொல்லியிருந்தான். யூனியன் ஆளையும் வக்கீலையும் தேடிப் பிடிப்பதற்குள் ஜீப் வந்துவிடும். அவர்கள் வந்தாலும் இது என்ன சாமான் என்று அவர்களுக்கே தெரியாது. நான் என் பேஸ் டிரம்மைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் பின் சீட்டில் இரண்டு பேரை எழுப்பிவிட்டு டிரம்மை உட்காரவைத்தார்.

எந்தப் பொலிஸ் நிலையம் என்பது இப்போது வேண்டாம். உள்ளே ஓர் இன்ஸ்பெக்டர். மோகனை விடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். தூக்கம் இல்லாத கண்கள். மேசையில் பெடலைப் பகுதி பகுதியாகப் பரப்பியிருந்தார். பக்கத்தில் ஒரு கடதாசியில் பையிலிருந்து தட்டி எடுத்த கொஞ்சம் வெள்ளை உர மணிகள். மோகன் சுவரோரமாக வெறுங்காலோடு நின்றான். ஒரு கன்னம் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

பேச்செல்லாம் சிங்களத்தில் நடந்தது, தமிழில் சொல்கிறேன்.

"நான் பள்ளிக்கூடத்துப் பேண்டில் டிரம் அடித்தவன். என்னிடம் கதை விட வேண்டாம்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஒரு டிரம்முக்கு ஒரு கால். உங்கள் ஹோட்டலிலும் பார்த்திருக்கிறேன், ஒன்றுதான். இதில் ஏன் இரண்டு சுத்தியல்?"

நியாயமான கேள்வி. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. ஒன்றும் தெரியாதவராக இருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

"சேர், ஒரு காலே பிறகு வந்ததுதான்" என்றேன். "முதலில் காலே கிடையாது. பெரிய டிரம்முக்கு ஓர் ஆள், சின்ன டிரம்முக்கு ஓர் ஆள். உங்கள் பள்ளிக்கூடத்து பேண்டில் இருந்த மாதிரி."

அவர் தலையசைத்தார். நான் தொடர்ந்தேன். அமெரிக்காவில் நாடகக் கொட்டகைகளிலும் நடன மண்டபங்களிலும் இடம் குறைவு, இரண்டு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கவும் மனம் குறைவு. அதனால் ஒருவனையே இரண்டையும் வாசிக்கச் சொன்னார்கள். கை போதவில்லை, காலுக்குப் பெடல் வந்தது. அந்த ஆட்கள்தான் ஜாஸ் வாசித்தார்கள். முதலில் கால் மெதுவாகத் தாளம் மட்டும் போட்டது. பிறகு வந்தவர்கள் அந்தத் தாளத்தைக் கைக்கு மாற்றிவிட்டு, காலால் எதிர்பாராத இடத்தில் ஒரே ஓர் அடி போடத் தொடங்கினார்கள். ஜாஸ்காரர்கள் அதற்கு வைத்த பெயர் குண்டு போடுவது. அந்தச் சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். இருமல் வந்த மாதிரி நடித்தேன்.

"பிறகு?" என்றார்.

"பிறகு ஒரு ஜாஸ்காரர், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, வலது கால் இவ்வளவு வேலை செய்கிறது, இடது காலுக்கும் ஒரு டிரம் கொடுத்தால் என்ன என்று யோசித்துப் படம் வரைந்தார். இரண்டு பேஸ் டிரம். பெரிய ஆளான பிறகு அப்படியே மேடையில் வாசித்தார். அதைப் பார்த்து ரொக் வாசிப்பவர்கள் வைத்தார்கள், அவர்களைப் பார்த்து மெட்டல்காரர்கள். இரண்டு டிரம்மைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாமல் யாரோ நடுவில் கம்பி போட்டு ஒரே டிரம்மில் அடிக்க வைத்தார்கள். அந்தக் கம்பிதான் இது, சேர்."

அவர் கம்பியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நம்புகிற மாதிரியும் தெரியவில்லை, நம்பாத மாதிரியும் தெரியவில்லை. "சரி. பூட்டு. அவனை வாசிக்கச் சொல்" என்றார்.

டிரம்மைச் சிமெந்துத் தரையில் வைத்தோம். வழுக்காமல் இருக்க நான் முன்னால் தரையில் உட்கார்ந்து வளையத்துக்கு முதுகு கொடுத்துக்கொண்டேன். மோகன் வாங்குப் பலகையில் உட்கார்ந்து பெடலைப் பூட்டினான். திருகாணி இரண்டு தடவை கைதவறிக் கீழே விழுந்தது. பிறகு வாசித்தான். அவனுடைய வாசிப்பை வாசித்தான், இரண்டு காலாலும், தெரிந்த வேகத்தில், பயத்தையெல்லாம் சேர்த்து.

மூடிய அறைக்குள் அது எப்படிக் கேட்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். துப்பாக்கி படபடவென்று சுடுவது போலக் கேட்டது. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் ஒரே பாய்ச்சலில் உள்ளே வந்தான், துப்பாக்கி அவன் கையில் நேராக இருந்தது. இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மோகனின் கால் நின்றுவிட்டது. இன்னும் ஒருமுறை அவன் அப்படி மிதித்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் திரும்பாமலே சொன்னேன். "மோகா, குதிகாலை ஊனு. கிளப்புல நான் வாசிப்பேன்ல, அப்புடி. யாருக்கும் கேக்கக் கூடாது. ரெண்டு காலும், மெதுவா."

பிறகு என் முதுகில் தெரிந்தது. காதில் விழுவதற்கு முன் முதுகில்தான் தெரிந்தது. வலது, இடது, வலது, இடது, ஒன்றுபோல. அவன் அவ்வளவு சுத்தமாக வாசித்து நான் கேட்டதில்லை. மெல்ல வேகம் கூட்டினான், சத்தத்தைக் கூட்டவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஆகிவிட்டது. கான்ஸ்டபிளின் துப்பாக்கி தாழ்ந்தது. அவன் விரல் ஒன்று அதன் கட்டையில் தாளம் போட்டதைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார்.

"இது நல்ல வாசிப்பு" என்றார். "இப்படி வாசித்தால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்?"

என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவனை விட்டார். டிரம்மையும் பெடலையும் கொடுத்தார், கம்பியை மட்டும் வைத்துக்கொண்டார். மேலிடத்தில் கேட்டால் காட்ட வேண்டுமாம். உரப் பையை இனி எங்கும் கொண்டுபோக வேண்டாம் என்று அக்கறையோடுதான் சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் பயம்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள ஏதாவது இருந்தால் இதுதான். உங்கள் கையில் இருக்கிற சாமான் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவைத்திருங்கள். மேடையில் பெருமை பேச இல்லை. ஒரு நாள் ஒருவர் நியாயமான கேள்வி கேட்பார், பதில் இல்லாமல் நிற்கக் கூடாது. அடுத்தது, எந்த அறையில் எவ்வளவு சத்தம் என்று முடிவு செய்வதும் வாசிப்பில் சேர்ந்ததுதான். இதை நான் நம்பித்தான் எழுதுகிறேன். ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் மோகன் சொன்னதையும் எழுதாவிட்டால் நான் பாதிதான் சொன்னவன் ஆவேன்.

நானுஓயா வரும் வரை அவன் டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் பேச்சுக் கொடுத்தேன்.

"நல்லா வாசிச்சடா. எங்க தலைவரே கேட்டிருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டாரு."

"அது நான் வாசிச்சது இல்லண்ணே" என்றான். "நீங்க வாசிச்சது. நான் வாசிச்சதுக்கு அந்தக் கான்ஸ்டபிளு துவக்க நீட்டிக்கிட்டு வந்தான்."

"உயிரோட வந்தியே, அது போதாதா?"

"போதும்ணே. நான் கொற சொல்லல. ஆனா நீங்க இத்தன வருஷமா இப்புடித்தான் வாசிச்சீங்களா? எல்லா நாளும்?"

ஆமாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

மண்டபத்தில் வாசிக்க வேண்டிய நாள் வந்தது. கம்பி இல்லை. இன்னொன்று செய்யப் பட்டறையில் அவனுக்குத் தைரியம் இல்லை. நான் என் டிரம்மையும் என் பெடலையும் கொண்டுபோய் அவர்களுடைய டிரம்முக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு டிரம், இரண்டு பெடல், அந்த ஜாஸ்காரர் படம் வரைந்த மாதிரியே. மோகன் உட்கார்ந்து இரண்டு காலையும் வைத்துப் பார்த்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"ஒங்க டிரம்மு தாங்குமாண்ணே?"

"கிழிஞ்சா கிழியட்டும். இது கிளப் இல்ல. ஒனக்குத் தெரிஞ்ச மாதிரி மிதி."

இருட்டுவதற்கு முன் முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை, அதனால் பின்னேரமே தொடங்கினார்கள். தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள், ஹட்டன், மஸ்கெலியாவிலிருந்துகூட. மோகன் மிதிக்கத் தொடங்கியதும் மண்டபத்தின் தரை, ஜன்னல், என் பல் எல்லாம் அதிர்ந்தன. என் டிரம் அப்படிச் சத்தம் போடும் என்று எனக்கே தெரியாது. பிள்ளைகள் கத்தினார்கள். முன்னால் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை. போகவில்லை. நான் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றேன். ஜீப் வந்தால் முதலில் ஓடிப்போய் அவனை நிறுத்தச் சொல்ல வேண்டும். கடைசிப் பாட்டு முடியும் வரை வளைவில் திரும்பி வருகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜீப் வரவில்லை. அவன் என்ன வாசித்தான் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அடுத்த வருடம் மோகன் வெளிநாட்டுக்கு மெக்கானிக் வேலைக்குப் போய்விட்டான். பிறகு அவன் வாசித்ததாகத் தகவல் இல்லை.

இப்போது நீங்கள் கூப்பிட்டால் வருகிறேன். முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறீர்கள், மரியாதைக்கு நன்றி. நீங்கள் டபுள் பேஸ் தொடங்கும்போது நான் மேடையைப் பார்ப்பதில்லை என்று உங்களில் ஒரு தங்கச்சி வருத்தப்பட்டாராம். பிடிக்காமல் இல்லை, அம்மா. நீங்கள் ஓங்கி மிதியுங்கள், யாரையும் பார்க்க வேண்டாம். என் கழுத்து தானாக வாசல் பக்கம் திரும்பிவிடுகிறது.